பாடாங் பெசாரில் வைத்த விரல்

ரயில் நின்றது மலையம்மாளுக்குக் காதில்தான் தெரிந்தது.

இரும்பு தேயும் சத்தம். பிறகு கதவு. பிறகு புரியாத பாஷையில் ஓர் அறிவிப்பு.

அவள் மேலூர்க் கல்குவாரியில், தகர ஷெட்டின் நிழலில், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு குத்தவைத்திருந்தாள். சோற்றுவேளை என்பதால் கம்ப்ரஸர் நின்றிருந்தது. தூக்குச்சட்டி திறக்காமல் பக்கத்தில் கிடந்தது.

புருஷன் தாய்லாந்தில் ரயில் ஏறியவன். இப்போது இறங்கியிருக்கும் ஊர் பாடாங் பெசார். ஒரே ஸ்டேஷனுக்குள் தாய்லாந்துக்காரன் மேஜை ஒன்று, மலேசியாக்காரன் மேஜை ஒன்று. இரண்டாவது மேஜையைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் நிற்கிற ரயிலைப் பிடித்து ஈப்போ போய்விடலாம். அங்கே கல் பட்டறையில் வேலை. விமானத்தில் போனால் கெடுபிடி, ரயிலில் என்றால் கூட்டத்தோடு கூட்டமாய்ப் போய்விடலாம் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தான். சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்ல வேண்டும். மாட்டினால் அவன் பேரை இழுக்கக் கூடாது.

மாட்டினால் ஜெயில். ஜெயிலோடு பிரம்படி. அந்த அடி வாங்கித் திரும்பிய ஒருவனை மேலூர் பஸ் ஸ்டாண்டில் அவள் பார்த்திருக்கிறாள். பெஞ்சு காலியாகக் கிடந்தும் அவன் நின்றுகொண்டேதான் டீ குடித்தான்.

போன் புருஷனின் சட்டைப்பைக்குள் இருந்தது. கட் பண்ணாதே என்று இவள்தான் சொல்லியிருந்தாள். துணி உரசும் சத்தத்துக்கு நடுவே அவன் மூச்சு கேட்டது.

"எம்புட்டு நேரமாடி காதுல வச்சிருப்ப?" பேரையூர்ப் பக்கமிருந்து கல்லுடைக்க வந்திருக்கும் தங்கப்பொண்ணு, சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள். "புருசன் மூச்சு விடுறதக்கூட எண்ணிக்கிட்டு இருக்கணுமாக்கும்?"

மலையம்மாள் கையை ஆட்டி அவளை அடக்கினாள். முதல் மேஜையில் முத்திரை விழுந்துவிட்டது. அது கேட்டது.

இரண்டாவது மேஜை.

"சங்கிலி?" என்றது ஒரு குரல். "தமிழா?"

"ஆமா சார்."

தமிழ் பேசுகிற ஆபீசர். மலையம்மாள் மற்றக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"சுத்திப் பாக்க வந்தீங்களா?"

"ஆமா சார். சுத்திப் பாக்கத்தான்."

"சரி. ரெண்டு ஆள்காட்டி விரலையும் கண்ணாடி மேல வைங்க."

"விரல் வைக்கச் சொல்றாக" என்று மலையம்மாள் தன்னையறியாமல் முணுமுணுத்தாள்.

"போச்சு போ!" என்றாள் தங்கப்பொண்ணு. "கல்லுடைக்கிற கையில ரேகை ஏது? என் விரல ரேஷன் கடை மெஷினே மதிக்க மாட்டேங்குது. ஒரு கிலோ சீனி வாங்குறதுக்குள்ள செத்துப் பொழைக்கிறேன். அண்ணன விரலத் தலையில தேச்சு, எண்ணெய்ப் பிசுக்கோட வைக்கச் சொல்லுடி."

மெஷின் கட்டைக் குரலில் ஒருமுறை கத்தியது. எடுக்கவில்லை.

"திரும்ப வைங்க."

மறுபடியும் அதே சத்தம்.

தங்கப்பொண்ணு பிசைந்த கையோடு அழகர்மலைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். "கருப்பா, எடுக்கணும்ப்பா."

மலையம்மாளும் கருப்பனைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். உதடுதான் அசைந்தது.

"கை என்னங்க இப்படி இருக்கு? ஊர்ல என்ன வேலை?"

"விவசாயம் சார்."

ஆபீசர் சிரித்துவிட்டு, மலேசியாத் தமிழ் இழுவையில் சொன்னார். "பயப்படாதீங்கண்ணே. ஒண்ணும் இல்ல லா. கையத் தளர விடுங்க, நான் அமுக்குறேன்."

ஈரக் காகிதம் உரசியது. அந்த மனுஷன் தன் கையாலேயே விரலைத் துடைத்துவிடுகிறார்.

ணிங் என்று மெலிதாக ஒரு மணி.

"ஆச்சு. எடுத்துருச்சு."

அதே வார்த்தை மலையம்மாள் வாயிலிருந்து காற்றாக வந்தது. "எடுத்துருச்சு."

"எடுத்துருச்சா! அப்பறம் ஏன்டி எழவு வீட்டுக்காரி மாதிரி இருக்க? சாயந்தரம் எனக்குக் கோழி அடிச்சுப் போடுற, சொல்லிட்டேன்."

மலையம்மாள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. கீழே பள்ளத்தைப் பார்த்தாள். அங்கே, துளை போடும் மெஷினில் முதுகைச் சாய்த்துச் சோறு தின்றுகொண்டிருந்தான் சங்கிலி. அவள் கொழுந்தன். இவள் பார்ப்பதைக் கண்டதும், அண்ணன் தாண்டிவிட்டானா என்று கையால் கேட்டான்.

முன்பு ஒருதரம் மலேசியாவில் பர்மிட் இல்லாமல் வேலை பார்த்துப் பிடிபட்ட அந்த அண்ணனை, அவள் புருஷனை, பத்து விரலையும் பதித்துக்கொண்டுதான் அந்த நாட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். இனி இங்கே கால் வைக்கக் கூடாது என்றார்கள். அதனால்தான் தம்பி பேரில் பாஸ்போர்ட். அதனால்தான், கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து விரல் நுனிகளைச் சொரசொரப்பான கல்லில் தேய்தேயென்று தேய்த்தான். ரத்தம் கசிந்தபோது தேங்காய் எண்ணெய் தடவிவிட்டது இவள்தான்.

ரேஷன் கடைக்குக் கூட்டிப்போய் வைத்தும் பார்த்தாள். மெஷின் எடுக்கவில்லை. கடைக்காரர் சலித்துக்கொண்டு, போனுக்கு நம்பர் வரவழைத்து அரிசியைப் போட்டுவிட்டார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வீடு வந்தார்கள். ரேகை விழாவிட்டால் எந்த ஊர்க்காரனும் இப்படித்தான் சலித்துக்கொண்டு அனுப்பிவிடுவான் என்று நம்பினார்கள்.

காதில் கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. நாற்காலி பின்னால் நகர்ந்தது.

ஆபீசர் குரலில் இப்போது அண்ணே இல்லை.

"முத்திருளன் யாரு?"

புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று, கல்யாணமான நாளிலிருந்து மலையம்மாள் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த ஆள் அதை இன்னொரு தடவை சொன்னான், இன்னும் சத்தமாக.