ஆணி அடிக்காத பலகை

"சுவத்துல எத்தனை ஆணி அடிச்ச?"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாக வீட்டுக்காரர் கேட்டார். பின்னாலேயே அவர் மனைவி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. சண்டை போட வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் இருவரும் செருப்பே மாட்டியிருப்பார்கள்.

கதவைத் திறந்தவள் அவர்கள் வீட்டை ஒட்டிய போர்ஷனில் தனியாகக் குடியிருப்பவள். மருந்துக்கடையில் வேலை, இன்று லீவு. கையில் உப்புத்தாள், முடியெல்லாம் மரத்தூள்.

"ஒண்ணுகூட அடிக்கல சார்."

"பொய் சொல்லாதே. பாத்ரூம்ல அவ்வளவு பெரிய பலகைய மாட்டி வெச்சிருக்க. அது என்ன, காத்துல தொங்குதா?"

இந்த மனிதருக்குச் சுவர் என்றால் உயிர். யாராவது ஆணி அடித்தால் தன் தலையிலேயே அடித்த மாதிரி கத்துவார். அக்கம்பக்கத்தில் அவருக்கு 'ஆணி சார்' என்றே பெயர்.

அவள் 'வாங்க' என்று சொல்லவில்லை. அவர்களும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவள் குடிவந்த பிறகு இருவரும் அந்த வீட்டுக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

குளியலறையில் எல்லாமே மரம். மருந்து வந்த பழைய பெட்டிகளை உடைத்து அவளே அறுத்துத் தேய்த்துச் செய்தவை. தண்ணீர் வடிய இடைவெளி விட்ட சோப்புத் தட்டு, ஒற்றைத் துளை போட்ட பிரஷ் ஸ்டாண்டு, காலடியில் சட்டம் சட்டமாக ஒரு மிதிபலகை. ஈரம் ஏறாமல் இருக்க எண்ணெய் பூசியிருந்தாள்.

வீட்டுக்காரம்மா மிதிபலகையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "ஒரு சோப்பு டப்பா வாங்க வக்கில்ல, தச்சு வேலை பார்க்க வந்துட்டா."

"கடையில விக்கிறது எனக்கு வேணுங்கிற அளவுல இல்லக்கா."

"என்ன பெரிய அளவு? ஒரு துண்டு மாட்ட இவ்வளவு அகலப் பலகையா? இதுல நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் போலிருக்கு."

பக்கச் சுவரில் தொங்கிய பலகையைத்தான் சொன்னாள். இரண்டே முளை, ஒரே துண்டு. பலகை மட்டும் கதவில் பாதி இருந்தது.

"மத்த சாமானெல்லாம் இருந்துட்டுப் போகட்டும்" என்றார் வீட்டுக்காரர். "இதை மட்டும் இப்பவே எடு. அந்தப் பக்கம் என் ஸ்டோர் ரூம். சுவர் விரிசல் விட்டா உங்கப்பனா வந்து பூசுவான்?"

"அந்த ரூமுக்குள்ள என்னையே விடமாட்டார், தெரியுமா?" என்றாள் மனைவி பெருமையாக. "சாவி எப்பவும் அவர் இடுப்புலதான். அவ்வளவு சுத்தம் பார்க்கிற மனுஷன் சுவத்துல போய் உன் கைவரிசையைக் காட்டியிருக்கியே."

"பலகைய எடுக்க மாட்டேன் சார்."

"அப்ப வீட்டைக் காலி பண்ணு. நாளைக்குக் காலையில நீ இங்க இருக்கக் கூடாது. பொம்பளையாச்சேன்னு பார்க்கிறேன், இல்லேன்னா இப்பவே எல்லாத்தையும் தெருவுல எறிஞ்சிருப்பேன்."

தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. இந்தப் போர்ஷன் கிடைப்பதற்குள் எத்தனை வாசலில் ஏறி இறங்கி, என்னென்ன கேள்விக்குப் பதில் சொன்னாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஆனாலும் அவள் குரல் இறங்கவில்லை.

"ஒரே ஒரு ஆணி இருந்தாக்கூட இன்னிக்கே போயிடறேன். ஆனா நீங்க பார்க்க வேணாம். அக்கா பார்க்கட்டும்."

"பார்த்துட்டாப் போச்சு. எனக்கென்ன பயம்?"

வீட்டுக்காரம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு பலகையின் பக்கத்தில் போனாள். மேலே பார்த்தாள். இரண்டு மூலையிலிருந்தும் கயிறு ஏறி, குறுக்கே ஓடிய தண்ணீர்க் குழாயில் முடிச்சுப் போட்டிருந்தது. ஓரங்களில் விரலை விட்டுத் தடவினாள். அவள் முகம் கொஞ்சம் சப்பென்று ஆனது.

"கயித்துலதாங்க தொங்குது. ஆணியைக் காணோம்."

"சரி விடு, நீ வெளியே வா."

"இருங்க, பின்னாடி ஏதாவது வேலை பண்ணியிருப்பா. இவளை நம்ப முடியாது." பலகையின் அடியில் கை கொடுத்தாள்.

"நீ ஏன்டி அதையெல்லாம் தூக்கறே?" வீட்டுக்காரரின் குரல் கீச்சென்று உயர்ந்தது. "அதான் தெரிஞ்ச கதையாச்சே. டைல்ஸ் நடுவுல பட்டாணி அளவுக்கு ஓட்டை போட்டு வெச்சிருக்கா. அதை மறைக்கத்தான் இவ்வளவு பெரிய பலகை. எல்லாம் இவ வேலை."

வீட்டுக்காரம்மாவின் கை அப்படியே நின்றது. பலகை இன்னும் சுவரோடு ஒட்டித்தான் இருந்தது.

அப்புறம் மெதுவாகத் தூக்கினாள். இரண்டு டைல்ஸ் சேரும் இடத்தில், பட்டாணி அளவில், ஒரு ஓட்டை.

அவள் குனிந்து அதில் கண்ணை வைத்தாள். நிமிர்ந்து குடியிருக்கும் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் உப்புத்தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

வீட்டுக்காரம்மா பலகையைப் பழையபடி சுவரோடு சேர்த்து விட்டாள். கோணலாக நின்றதை நேராக்கினாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"ஸ்டோர் ரூம் சாவியக் குடுங்க."