குழாயில் இருந்த காற்று

கம்ப்ரஸர் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஏசியின் முன்னால் உட்கார்ந்தார்.

அது நாங்கள் அவருக்கு வைத்த பெயர். ஏசியின் கம்ப்ரஸர் போலவே, சூடேறினால் கத்த மாட்டார், அப்படியே நின்றுபோவார். அடுத்த தேர்வு என்னுடையது என்பதால் கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

தேர்வு நடத்துபவர் எங்கள் டீச்சர். எல்லோருக்கும் மேடம். எங்களில் பலரைவிட வயதில் சின்னவர், ஆனால் அவர் உள்ளே நுழைந்தால் சத்தம் தானாக அடங்கிவிடும்.

பட்டறைச் சுவரில் ஓர் உலக வரைபடம். அதன் மேலே 'நாம் உலகக் குடிமக்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். முதல் நாள் அதைப் படித்துவிட்டு, குடிமக்கள் என்றால் எங்களுக்குத் தெரிந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டு வகுப்பே சிரித்தது. மேடம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, நாம் திறந்துவிடுகிற கேஸ் நம் தெருவுக்கு மேலேயே நிற்காது, நாம் கண்ணால் கண்டிராத ஊரில் யாருக்கோ வெயிலைக் கூட்டும் என்றார். அதனால் பயிற்சி நிலையத்தில் புது விதி வந்திருந்தது. தெரிந்தே ஒரு மூச்சு கேஸை வெளியே விட்டாலும் ஃபெயில்.

நாங்கள் பாதிப் பேர் வருஷக்கணக்காக இந்த வேலையில் ஊறியவர்கள். இதுவரை காற்றில் விட்ட கேஸுக்குக் கணக்கு வழக்கே கிடையாது. சான்றிதழ் இல்லாமல் இனி ஏசியைத் தொடக்கூடாது என்று சட்டம் வந்ததும், வேறு வழியில்லாமல் படிக்க வந்து மாட்டிக்கொண்டோம்.

அண்ணனுக்கு மற்றவர்களைவிட நெருக்கடி. ஓர் ஆஸ்பத்திரியின் ஏசி வேலை மொத்தமும் அவர் கடையிடம் இருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

"அந்த வேலை போச்சுன்னா கடைய மூட வேண்டியதுதான் தம்பி. நானும் என் பையனும் வீட்ல உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்க வேண்டியதுதான்" என்று காலையில் டீ குடிக்கும்போது சொல்லியிருந்தார்.

என்ன காரணமோ, அவருடைய தேர்வுக்கு மட்டும் பிரின்சிபாலும் வந்து நின்றார்.

அண்ணன் வேலை செய்வதைப் பார்க்க இரண்டு கண் போதாது. பழைய கேஸை மெஷின் வைத்து உறிஞ்சி, வீணாக்காமல் சிலிண்டரில் அடைத்தார். ஒழுகிய இடத்தைப் பற்றவைத்து, அழுத்தம் பார்த்து, உள்ளே இருந்த காற்றைப் பம்ப் வைத்து இழுத்தார். பிரின்சிபால் திருப்தியாகத் தலையாட்டினார். ஃபோன் அடித்ததும் பேசிக்கொண்டே வெளியே போனார்.

இனி புதுக் கேஸை ஏற்றினால் முடிந்தது.

புதுக் கேஸ் சிலிண்டரில் வேறொரு குழாயை மாட்டினார். வெறும் குழாயில் காற்று இருக்கும். அது ஏசிக்குள் போகக்கூடாது, அதையும் பம்ப் வைத்துத்தான் இழுக்க வேண்டும். கடையில் யார் அதற்கெல்லாம் பம்பைத் தேடுகிறார்கள்? சிலிண்டரைத் துளி திறந்து, குழாயின் மறுமுனை நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால், கேஸே காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

அண்ணனின் கை அதைச் செய்துவிட்டது.

புஸ்.

நான் பெரிதாக இருமினேன். சத்தத்தை மறைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. இருமல் பிந்திவிட்டது.

அண்ணன் அப்படியே நின்றுபோனார். விரல் நட்டின் மேலேயே இருந்தது.

அறையில் நாங்கள் மூன்று பேர்தான். பிரின்சிபாலின் குரல் எங்கோ வராந்தாக் கோடியில் கேட்டது. மேடம் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டால் தீர்ந்தது. நான் செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன், அது அவருக்கும் தெரியும். மேடம் என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"ஐயா, இப்ப என்ன செஞ்சீங்க?"

"குழாயில இருந்த காத்தைத் தள்ளிவிட்டேன் மேடம். கேஸைத் திறந்து." நட்டை இறுக்கிவிட்டு, "கைப்பழக்கம்" என்றார்.

மேடத்தின் பேனா சற்று நேரம் தாளைத் தொடவில்லை. பிறகு எழுதினார். ஆறு மாதம் கழித்துத்தான் மறுதேர்வு என்று சொன்னபோது அவர் குரலில் ஒரு பிசிறும் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மூச்சு கேஸுக்காக ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடிக்கிறாரே, என்ன பொம்பளை இவர்?

அண்ணன் ஸ்பானர்களைத் துடைத்து அதனதன் இடத்தில் வைத்தார். "வரேங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் முறை வந்தபோது, மறக்காமல் குழாய்க்குப் பம்பை மாட்டினேன். பாஸ். அவர் தவறியதைப் பார்த்ததால்தான் நான் தேறினேன். சந்தோஷப்பட வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வெளியே வந்தால், வண்டிகள் நிற்கும் இடத்தில் அண்ணன் தன் பைக்கில் உட்கார்ந்திருந்தார். பாவம், வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் சொல்லப் போனேன். மேடத்தைத் திட்டவும் நாலு வார்த்தை தயாராக இருந்தது.

முதல் வார்த்தையை எடுப்பதற்குள் மேடமே வந்துவிட்டார். அண்ணன் ஒரு ஹெல்மெட்டை அவரிடம் நீட்டினார். வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார். இரண்டு முறை முயன்றும் தாடைப் பட்டையைப் பூட்ட வரவில்லை.

"மாமா, அத்தைகிட்ட நான் சொல்லட்டுமா?"

"உன் மாமியார்கிட்ட நான் சொல்லிக்கறேன். என் பையன்கிட்ட மட்டும் நீயே சொல்லிடும்மா. ஏறு."