சட்டைப் பையில் ஒரு நோட்டு

“மாமா, மறுபடியும் சட்டைப் பையில பணத்தை மறந்துட்டீங்க. நல்லவேளை, துவைக்கிறதுக்கு முன்னாடி பார்த்தேன்” என்று மருமகள் மடித்த நோட்டை நீட்டினாள்.

“வயசாச்சேம்மா” என்று பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு முடிவெட்டக் கிளம்பினார் மாமனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகனிடம் காசு கேட்பதைவிடச் சடாமுடியே வளர்த்துக்கொள்வார், அப்படியொரு ரோஷம்.

திரும்பி வந்தபோது தலை பளபளத்தது, முகம்தான் தொங்கிப் போயிருந்தது.

“அந்த நோட்டு செல்லாதாம்மா. நிறுத்தி வருஷக்கணக்கா ஆச்சாம். ‘வெட்டின முடியைத் திரும்ப ஒட்டித் தரட்டுமா சார்?’னு கடைக்காரன் கேக்கறான்.”

“ஐயையோ! அதை இத்தனை வருஷமா பையிலயே வெச்சிருந்தீங்களா மாமா?”

“நானும் வழியெல்லாம் அதைத்தான் யோசிச்சேன். ஆனா அந்தச் சட்டை, போன மாசம் நீ எடுத்துக் கொடுத்ததாச்சே!”

காலையில் அவசர அவசரமாகத் தன் பழைய கைப்பையைத் துழாவி நோட்டெடுத்து அவர் சட்டைக்குள் செருகிய மருமகள், தரையைப் பார்த்தாள்.

மாமனார் அவளைப் பார்க்காமல் மின்விசிறியைப் போட்டார்.

“விடும்மா. அடுத்த தடவை செல்லுற நோட்டாப் பார்த்து மறந்து வைக்கிறேன்.”