உள்ளங்கை அகலப் பல்

“இருங்க, நானும் ஓடைக்கு வரேன்” என்றாள் அவள். ஒரு காலில் ரப்பர் பூட்ஸை மாட்டியிருந்த கணவர், மறு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

“நீயா? அந்தச் சேத்துலயா?”

“பின்ன? அப்படி என்ன புதையல் கொட்டிக் கிடக்குன்னு நானும்தான் பாக்கிறேனே.”

ஆபீசில் அவர் ஹெட்கிளார்க். ஆனால் அடைமழை பெய்து ஓய்ந்தால் போதும், மனிதருக்குக் கால் தரையில் பாவாது. எந்தக் காலத்திலோ கடலாக இருந்த இடமாம். வெள்ளம் கரையை அரிக்கும்போது, கல்லாகிப்போன சுறாப் பற்கள் ஓடையில் விழுமாம். சல்லடையும் கையுமாகக் கிளம்பிவிடுவார். அவள் தம்பி கல்யாணத்தன்றுகூட ஓடையில்தான் கிடந்தார்.

கிடைத்ததெல்லாம் சுண்டுவிரல் நகமளவு. அதைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, வீட்டுக்கு வருகிற கேஸ்காரரைக்கூட விடாமல் பிடித்து உட்காரவைத்துக் காட்டுவார்.

அவளுக்கோ பொய்ப்பல் செய்யும் பட்டறையில் வேலை. “நாள் பூரா பல்லோட மாரடிச்சுட்டு வந்தா, வீட்டுலயும் பல்லு! ஊரே சிரிக்குதுங்க” என்று போன வாரம் வெடித்துவிட்டாள்.

“உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணே ஒண்ணு கிடைக்கட்டும். அன்னிக்கே விட்டுடறேன், போதுமா?” என்றிருந்தார்.

ஓடையில் அவர் குனிந்து துழாவ, அவள் குடையோடு கரையில் நின்றாள். பக்கத்தில் நின்ற கொக்கு அவரைவிடக் கௌரவமாகத் தெரிந்தது.

“அந்த வேர் இடுக்குல பாத்தீங்களா?”

கையை விட்டார். மறு நொடி அலறினார். கன்னங்கரேலென்று, ரம்பம் போன்ற விளிம்போடு, உள்ளங்கையை அடைத்துக்கொண்டு ஒரு பல்! மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“சொன்ன சொல் ஞாபகம் இருக்கட்டும்.”

“நான் சொன்னா சொன்னதுதான்!”

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பட்டறையில் அவளே அச்சில் வார்த்து, கனத்துக்கு உள்ளே இரும்புத் துண்டு வைத்து, சாயம் ஏற்றிய பல் அது. காலையில் மழை விட்டதும், பால் வாங்கும் சாக்கில் வந்து செருகிவிட்டுப் போயிருந்தாள். இதுகூடத் தெரியாத மூஞ்சிக்குப் பல் ஆராய்ச்சி ஒரு கேடு!

மறுநாள் மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது, வாசலிலேயே காத்திருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“சொன்னபடி விட்டுட்டேன்.”

“அப்பாடா! சல்லடையைத் தூக்கிப் போட்டாச்சா?”

“சல்லடையையா? பைத்தியமா உனக்கு? ஒரு பல்லு அங்க இருக்குன்னா மீதி வாயும் அங்கதானே இருக்கும்? இனிமே தினமும் தேடணும்.”

“அப்ப எதைத்தான் விட்டீங்க?”

“வேலையை.”