கரி வழிந்த டிராக்டர்

டிராக்டர் வாங்க வந்த மூன்றாவது ஆளும் புகைக்குழாயைத் தொட்டுப் பார்த்தான். விரலில் ஒட்டிய எண்ணெய்க் கரியைத் துடைத்துக்கொண்டு, விலைகூடக் கேட்காமல் போய்விட்டான்.

"எல்லாம் நீ ஓட்டுன லட்சணம்!" அண்ணன் தங்கைமீது பாய்ந்தான்.

"நான் உழுதப்போ ஒரு சொட்டு வழியல. என் பொழப்பே அதுலதான் ஓடுச்சு. அதை விக்க உனக்கு எப்படி மனசு வருது?"

"பொம்பளப் புள்ள டிராக்டர் ஓட்டுறான்னு ஊரே சிரிக்குது. நீயே சொல்லும்மா."

"சரிதான், வித்துத் தொலைடா" என்றாள் அம்மா. விற்கும்வரை தங்கை வண்டியைத் தொடக் கூடாது என்று அண்ணன் சாவியை அம்மாவிடம்தான் கொடுத்து வைத்திருந்தான்.

மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

"இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு தம்பி. யாரோ தினமும் ஸ்டார்ட் பண்ணி, ஒரு வேலையும் வாங்காம மணிக்கணக்கா நின்ன இடத்துலயே ஓட விட்டிருக்காங்க. சூடு ஏறாம, டீசல் பாதி எரிஞ்சும் எரியாம எண்ணெயோட சேர்ந்து வழியுது. கலப்பையை மாட்டி நல்லா உழுதா தானா சரியாயிடும்."

அண்ணன் தங்கையை முறைத்தான். "நான் ஆபீஸ் போனதும் இந்த வேலைதான் பாக்குறியா?"

"நான்தான் விடிஞ்சதும் கூலிக்குப் போயிடுறேனே. சாவி யார்கிட்ட இருக்கு?"

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

அம்மா அசரவே இல்லை. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து மகளிடம் நீட்டினாள். பிறகு மகனைப் பார்த்துக் கேட்டாள்:

"இன்னும் எத்தனை பேரைடா கூட்டிட்டு வருவே? டேங்க்ல டீசல் தீரப் போகுது."