எதிர்வீட்டுப் பெண்ணுக்காக

“எனக்கில்லீங்க, எங்க எதிர்வீட்டுப் பொண்ணுக்கு” என்றது தொலைபேசியில் வந்த குரல்.

காலை பதினொன்றரை. உதவி எண் அறையில் ஆறு மேஜைகளும் பேசிக்கொண்டிருந்தன. முதியோர் ஓய்வூதியம் எங்கே கேட்பது, சக்கர நாற்காலி யார் தருவார்கள், தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று ஊர்க்கவலை அத்தனையும் அங்கேதான் வந்து சேரும். எதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று வழி சொல்வது அவர்கள் வேலை.

நான்காவது மேஜைக்காரியை எல்லோரும் ரேடியோ என்பார்கள். அவ்வளவு பேச்சு. ஆனால் இந்த ரேடியோவுக்குக் கேட்கவும் தெரியும்.

எதிர்வீட்டுப் பெண்ணைப் புருஷன் அடிக்கிறானாம். இரண்டு பிள்ளைகளாம். இப்படிப்பட்டவர்கள் தங்குவதற்கு ஓர் இல்லம் இருக்கிறதாமே, அதன் முகவரி வேண்டுமாம்.

முகவரி ரேடியோவுக்கு மனப்பாடம். ஆனால் சம்பந்தப்பட்டவளைத் தவிர வேறு யாருக்கும் சொல்லக் கூடாது என்பது விதி. அது சும்மா வந்த விதியல்ல. அக்கா என்று சொல்லி முகவரி வாங்கிய ஒருத்தி நாத்தனாராக இருந்தாள். மறுநாளே இல்லத்து வாசலில் புருஷன்காரன் கட்டையோடு வந்து நின்றான்.

அதோடு, அன்று சோதனை நாள். மேற்பார்வையாளர் அம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு காதுக்கருவியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பிள்ளைங்க பள்ளிக்கூடம் நின்னு போயிடாதே?” என்று கேட்டாள் கூப்பிட்ட பெண். சின்னவனுக்கு இழுப்பு உண்டு, மருந்து அங்கே கிடைக்குமா என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, “தையல் மெஷின் எடுத்துட்டு வரலாங்களா?” என்றாள்.

ரேடியோவுக்கு விளங்கிவிட்டது.

முகவரி நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்து நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. மென்று விழுங்கினாள்.

“அவங்களையே ஒரு தடவை பேசச் சொல்லுங்கம்மா. அவங்க பேசினாத்தான் சொல்ல முடியும்.”

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பேச்சு வெளியே போகாமலிருக்கத் திறந்துவிட்டிருக்க வேண்டும்.

“அவ பேச மாட்டாளுங்க.” பிறகு, “சரி, சொல்றேன்.”

வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட வழியில்லை. கூப்பிடுகிறவர்களின் எண் இங்கே யாருக்கும் தெரியாது. அதுவும் அவர்களுடைய பாதுகாப்புக்காகத்தான்.

மேற்பார்வையாளர் அவள் தோளைத் தட்டினார். “ஒரு பிசகு இல்லாம பேசினே” என்று முழு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். ரேடியோ நன்றிகூடச் சொன்னாள்.

அன்று அவள் சாப்பிட எழுந்திருக்கவில்லை. மணி அடித்தபோதெல்லாம் மற்றவர்களை முந்திக்கொண்டு எடுத்தாள். ஓய்வூதியம் வந்தது, சாக்கடை அடைப்பு வந்தது, காணாமல் போன ஒரு நாய்கூட வந்தது. அந்தக் குரல் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

விதியைச் சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த விதி பதினோரு வருஷத்துக்கு முன்பும் இருந்தது.

அன்று இதே எண்ணைக் கூப்பிட்டு, என் சிநேகிதி ஒருத்திக்காகக் கேட்கிறேன் என்று சொன்னவள் ரேடியோதான்.

எடுத்தவர் வயதான ஒரு மனிதர். எந்தச் சிநேகிதி என்று அவர் கேட்கவில்லை. முகவரியை நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை சொன்னார். சொல்வதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

“உங்க சிநேகிதி கையில பேனா இருக்காம்மா?”