நான்காவது அறிக்கை

“இதை எழுதின கையில முதல்ல விலங்கு மாட்டணும்!”

சிறைக் கண்காணிப்பாளர் மேசையில் ஓங்கி அறைந்தார். அறிக்கை குதித்தது, பேனா உருண்டது. எதிரே நின்ற நலன் அலுவலர் மட்டும் அசையவில்லை. பதினொரு வருடமாக அந்த மேசை அறை வாங்குவதைப் பார்த்துப் பழகிய அம்மாள். கல்லூரியிலிருந்து ஆறு வாரப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு வழிகாட்டுவது அவர் பொறுப்பு.

கண்காணிப்பாளரின் சீருடையில் கஞ்சி எப்போதும் ஒரு பிடி தூக்கல். அவர் இல்லாதபோது காவலர்கள் ‘மொடமொடப்பு’ என்பார்கள். பயிற்சி அறிக்கைகளைப் படிப்பது அவருக்கு ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் சந்தோஷம். இந்த வருடமும் மூன்று பேர் குறை வைக்கவில்லை. ஒருவன் சிறையைப் பூங்கா என்று எழுதியிருந்தான். ஒருத்தி கண்காணிப்பாளரைக் ‘கருணைக் கடல்’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். இன்னொருவன் அவர் புகைப்படத்தையே அட்டையில் ஒட்டிவிட்டான். நான்காவது அறிக்கைதான் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

“கூப்பிடுங்க அவளை!”

கதவுக்கு வெளியே நின்றிருந்த மாணவி உள்ளே வந்தாள்.

“படிக்கிறேன், கேளு. ‘பார்வையாளர் அறையில் இரண்டு வரிசைக் கம்பி வலை. எதிரே நிற்பது தன் மகன்தான் என்று பெற்ற தாய்க்கே குரலை வைத்துத்தான் தெரிகிறது.’ என்ன இது, கதை விடறியா?”

“போன செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா கால் மணி நேரம் அழுதுட்டு, அப்புறம்தான் அது தன் பிள்ளை இல்லைன்னு கண்டுபிடிச்சாங்க சார்.”

“அவன் சும்மாவா நின்னான்?”

“அவரைப் பார்க்க யாரும் வந்து நாலு வருஷமாச்சாம் சார். அழட்டும்னு விட்டுட்டாராம்.”

கண்காணிப்பாளர் அவசரமாக அடுத்த வரிக்குப் போனார்.

“‘புகார்ப் பெட்டியின் சாவித் துவாரத்தை வருடா வருடம் பெயின்ட் அடித்து மூடுகிறார்கள்.’ பெட்டி பளபளன்னு இருக்கறதுகூட குத்தமா?”

“அதைத் திறந்து எவ்வளவு நாளாச்சு சார்?”

“கேள்வி கேக்கறது நானு! ‘நூலக அலமாரியின் சாவி கண்காணிப்பாளரின் மேசை இழுப்பறையில் தூங்குகிறது...’” வாசித்துக்கொண்டே, பாதி திறந்திருந்த இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடினார். “இதையும் கேளு. ‘இங்கே திருந்த வேண்டியவர்கள் கம்பிக்கு வெளியிலும் இருக்கிறார்கள்.’”

அந்த வரியில் ஒரு திமிர் இருந்தது. எங்கேயோ பார்த்த திமிர். எங்கே என்று பிடிபடாததால் கோபம் இன்னும் ஏறியது.

“உன் வயசுல நாங்கள்லாம் பெரியவங்க முன்னாடி வாயைத் திறப்போமா?” என்றவர் நலன் அலுவலர் பக்கம் திரும்பினார். “ஏம்மா, பயிற்சின்னா பூச்செடியைக் காட்டினோமா, குரூப் போட்டோ எடுத்தோமா, அனுப்பினோமான்னு இருக்க வேண்டாமா? இவளுக்கு என்னதான் சொல்லிக்குடுத்தீங்க?”

“நேர்ல போய்ப் பார்க்காம எந்தக் காகிதத்தையும் நம்பாதேன்னு சொல்லிக்குடுத்தேன் சார்.”

“நல்லா உருப்படும்!” மறுபடி மாணவி பக்கம் திரும்பினார். “இதோ பார். இதைக் கிழிச்சுப் போட்டுட்டு, அந்தக் கருணைக் கடல் பொண்ணோடதை வாங்கிக் காப்பியடிச்சுக் குடு. சான்றிதழ்ல உடனே கையெழுத்து. இல்லையா, சான்றிதழ் கிடையாது, பட்டமும் கிடையாது. எது வசதி?”

அடுத்த மாதம் சேர வேண்டிய வேலை ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. பட்டம் இல்லாமல் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“பொய்யா ஒரே ஒரு வரி காட்டுங்க சார். இங்கேயே கிழிச்சுப் போடறேன். இல்லன்னா ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்.”

“மாட்டே?”

“மாட்டேன் சார்.”

நலன் அலுவலர் லேசாகச் செருமினார். “சார், சான்றிதழ் இல்லைன்னா காரணத்தை அறிக்கை மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடணும். அதோட ஒரு பிரதி காலேஜுக்கும், ஒண்ணு நம்ம தலைமை அலுவலகத்துக்கும் போகும். அதான் விதி. எதுக்கும் ஒரு தடவை முழுசாப் படிச்சுட்டு...”

“எனக்கே விதி சொல்றீங்களா?”

சிவப்புப் பேனாவைத் திறந்தார். முதல் பக்கத்தின் உச்சியில், எட்ட நின்று படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதினார்: ‘இதை எழுதியவர் சிறைத் துறையில் ஒரு நாள்கூட இருக்கத் தகுதியற்றவர்.’ கையெழுத்துப் போட்டார். ஆத்திரம் தீராமல் முத்திரையை இரண்டு தடவை குத்தினார்.

“சார், இது நான் எழுதினது இல்லை” என்றாள் மாணவி.

“என்னது?”

“ஆவண அறையில கிடைச்ச பழைய அறிக்கை சார். இப்ப என்னென்ன மாறியிருக்குன்னு எழுதத்தான் எடுத்தேன். ஆறு வாரம் ஒவ்வொரு வரியையும் போய்ப் பார்த்தேன். தேதியைத் தவிர மாத்தறதுக்கு எதுவுமே இல்லை, அப்படியே டைப் அடிச்சுட்டேன். இதைக் கடைசிப் பக்கத்துல சொல்லியிருக்கேன். நீங்க அதுவரைக்கும் போகலை.”

“அப்போ திருட்டு வேற!” கண்காணிப்பாளருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

“சான்றிதழ்ல கையெழுத்துப் போடறதா இருந்தா, இந்தக் குறிப்பு எங்கேயும் போக வேண்டியதில்லை சார்” என்றார் நலன் அலுவலர், பணிவாக.

“போகட்டும்மா! காலேஜுக்கும் போகட்டும், தலைமை அலுவலகத்துக்கும் போகட்டும். எழுதின தடியன் எவனோ, அவன் பேரோடவே போகட்டும்!”

கடைசிப் பக்கத்தை விருட்டென்று புரட்டினார். மாணவியின் குறிப்புக்குக் கீழே, முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய கையெழுத்துப் பிரதியின் நகல். ‘பயிற்சி மாணவன்’ என்ற சொல்லுக்கு மேலே இருந்தது அவருடைய கையெழுத்து.